‘எனக்கு முடியவில்லை’, ‘என்னால் முடியவில்லை’: யாங்கூன் வீட்டுத் தமிழுக்கு ஒரு கையேடு

யாங்கூனில் மழை பிடித்துக்கொண்டால் என் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாதி இடம் காலியாகிவிடும். மே மாத நடுவில் தொடங்கும் மழை அக்டோபர் வரை விடுவதில்லை. சளி, காய்ச்சல், வயிற்றுக் கோளாறு என்று ஆளுக்கொன்றாக வந்து சேர, காலை எட்டு மணிக்குள் என் கைப்பேசியில் விடுப்புச் செய்திகள் வரிசை கட்டி நிற்கும். ‘டீச்சர், எனக்கு முடியாது’ என்று ஒருவர் எழுதுவார். ‘டீச்சர், அம்மா முடியவில்லை’ என்று இன்னொருவர் எழுதுவார். ‘சயாமா (பர்மியத்தில் ஆசிரியை), என்னால் முடியவில்லை’ என்று மூன்றாமவர் எழுதுவார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதைத்தான் மூவரும் சொல்ல வந்தார்கள். ஆனால் தமிழ்க் காதுக்கு முதலாவது மறுப்பாகக் கேட்கிறது. இரண்டாவது வாக்கியமாகவே நிற்கவில்லை. மூன்றாவது, ‘எதைச் செய்ய முடியவில்லை?’ என்று திருப்பிக் கேட்க வைக்கிறது.

இதனால் குடும்பத்தில் மனத்தாங்கலே வந்திருக்கிறது. என் மாணவர் ஒருவர், இருபத்தைந்து வயதுக்காரர், மோலமையினில் இருக்கும் தம் அத்தை வீட்டுக் காதுகுத்துக்குப் போக வேண்டியிருந்தது. முதல் நாள் இரவு அவருக்கு நல்ல காய்ச்சல். தொலைபேசியில் அத்தையை அழைத்து, ‘அத்தை, எனக்கு முடியாது’ என்றார். அத்தை, ‘சரிப்பா, உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதன்பின் ஒரு மாத காலம் அந்த வீட்டிலிருந்து பேச்சே இல்லை. பையன் வர மறுத்துவிட்டான் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ‘முடியாது’ என்ற சொல்லில் காய்ச்சல் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பர்மிய மொழியில் யோசித்துத் தமிழில் சொல்லும் நம் பிள்ளைகளுக்காகவே இந்தக் கையேட்டை எழுதுகிறேன். அவர்கள் தவறு செய்வதற்குக் காரணம் சோம்பல் அன்று. பர்மியத்தில் உடம்பு சரியில்லை என்பதற்கு ‘நே மகௌங் பூ’ என்கிறோம். ‘நே’ என்றால் இருப்பது, ‘கௌங்’ என்றால் நன்று, முன்னால் வரும் ‘ம’வும் பின்னால் வரும் ‘பூ’வும் சேர்ந்து இல்லை என்றாக்குகின்றன. ஒரு செயலைச் செய்யும் வலு இல்லை என்பதற்கோ ‘ம நைங் பூ’ என்ற வேறொரு தொடர் இருக்கிறது. இரண்டும் முற்றிலும் வேறு வேறு சொற்களாக இருப்பதால் பர்மியத்தில் குழப்பத்துக்கு இடமில்லை. தமிழோ இரண்டு பொருளையும் ‘முடி’ என்ற ஒரே வினையில் ஏற்றிவிட்டு, அவற்றைப் பிரித்துக்காட்டும் வேலையை ஒரு சிறிய வேற்றுமை உருபிடம் ஒப்படைத்திருக்கிறது.

உருபைப் பாருங்கள்

‘எனக்கு முடியவில்லை’ என்றால் உடம்பு சரியில்லை. ‘என்னால் முடியவில்லை’ என்றால் ஏதோ ஒரு செயல் கைகூடவில்லை. ‘கு’ உருபு வந்தால் நோய், ‘ஆல்’ உருபு வந்தால் இயலாமை. இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ‘ஆல்’ வரும் வாக்கியத்தில் செய்ய நினைத்த செயல் பெரும்பாலும் கூடவே வரும்: ‘என்னால் இந்தப் பெட்டியைத் தூக்க முடியவில்லை’, ‘அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை’. முன்பே பேசிய செயலாக இருந்தால் அதை விட்டுவிடலாம். நோயைச் சொல்லும் ‘கு’ வாக்கியத்தில் செயல் எதுவும் வராது. ‘தாத்தாவுக்கு முடியவில்லை’ என்ற இரண்டே சொல்லில் செய்தி நிறைவாகிவிடுகிறது.

பேச்சில் இந்தக் கோடு சில இடங்களில் கலங்கியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இலங்கைத் தமிழர் ‘எனக்கு ஏலாது’ என்று ‘கு’ உருபோடுதான் இயலாமையைச் சொல்வார்கள். அது அவர்களுடைய வழக்கு, பிழையன்று. ஆனால் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவை. அந்த ஊர்களின் பேச்சில் உருபு வேறுபாடு உயிரோடு இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களின் காது அதற்குப் பழகியது. எனவே நாமும் அதையே பின்பற்றுவது நல்லது.

அடுத்தது, இந்த வினைக்கு ஆள் கிடையாது. ‘நான் முடியவில்லை’, ‘அம்மா முடியவில்லை’, ‘அவர்கள் முடியவில்லை’ ஆகிய எதுவும் நோயைக் குறிக்கும் தமிழ் ஆகாது. பர்மியத்தில் ‘அமே நே மகௌங் பூ’ என்று அம்மாவை எழுவாயாக வைக்கிறோம். அந்தப் பழக்கம்தான் ‘அம்மா முடியவில்லை’ என்று வந்து விழுகிறது. தமிழில் நோய் வந்தவர் எழுவாயாக நிற்பதில்லை, நோய் வந்து சேரும் இடமாக நிற்கிறார்: அம்மாவுக்கு, தம்பிக்கு, எங்கள் எல்லாருக்கும். பசியும் தாகமும் தலைவலியும்கூட நமக்கு இப்படித்தான் வருகின்றன. ‘எனக்குப் பசிக்கிறது’ என்று தடுமாறாமல் சொல்லத் தெரிந்தவருக்கு ‘எனக்கு முடியவில்லை’ என்பதும் அதே வாய்ப்பாடுதான்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை வகுப்பில் யாராவது ஒருவர் கண்டுபிடித்துக் கேட்டுவிடுவார். ‘அம்மா முடியாமல் படுத்திருக்கிறார்’ என்று சொல்கிறோமே, அங்கே அம்மா எழுவாயாக இருக்கிறாரே என்பார். அங்கே அம்மா ‘படுத்திருக்கிறார்’ என்ற வினைக்கு எழுவாய். ‘முடியாமல்’ என்பது அந்தப் படுக்கை எப்படிப்பட்டது என்று சொல்லும் எச்சம் மட்டுமே. ‘அம்மாவுக்கு முடியாமல் இருக்கிறது’ என்றும் சொல்லலாம், ‘அம்மா முடியாமல் இருக்கிறார்’ என்றும் சொல்லலாம், இரண்டும் சரி.

எழுவாயாக ஒரு பொருள் வந்துவிட்டாலோ கதையே மாறிவிடும். ‘வேலை முடியவில்லை’ என்றால் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள். ‘வேலை செய்ய முடியவில்லை’ என்றால் செய்யும் வலுவோ வாய்ப்போ இல்லை. ‘வேலையை முடிக்கவில்லை’ என்றால் முடிக்க வேண்டியவர் முடிக்காமல் விட்டுவிட்டார், அதாவது பழி அவர்மீது. அலுவலகத்துக்குத் தமிழில் குறுஞ்செய்தி எழுதுவோர் இந்த மூன்றையும் மாற்றி எழுதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடம்புக்கு, மேலுக்கு

‘முடியவில்லை’ என்பதை இன்னும் தெளிவாக்க விரும்பினால் ‘உடம்புக்கு’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்: ‘அண்ணனுக்கு உடம்புக்கு முடியவில்லை’. ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘கு’ வருவது கண்டு தயங்க வேண்டாம். முதலாவது ஆளைக் காட்டுகிறது, இரண்டாவது எங்கே குறை என்று காட்டுகிறது. எங்கள் வீட்டில் உடம்பு என்ற சொல்லைவிட ‘மேல்’ என்பதுதான் அதிகம் புழங்கியது. ‘மேலுக்கு முடியலை’ என்பார் என் அம்மா. மேல் கழுவிவிட்டு வா, மேலெல்லாம் வலிக்கிறது என்று பேசும் குடும்பங்களில் இது இயல்பாக வரும். வகுப்புப் பிள்ளை ஒருவர் ‘மேல்’ என்றால் மாடி என்று நினைத்து, ‘பாட்டிக்கு மாடி ஏற முடியவில்லை’ என்று என்னிடம் மொழிபெயர்த்துச் சொன்னார். பாட்டிக்கு இருந்தது வெறும் சளிக் காய்ச்சல். அவர் குடியிருந்ததோ தரைத்தளத்தில்.

எழுத்தில் ‘உடம்பு சரியில்லை’ எங்கும் செல்லும். ‘உடல்நலம் சரியில்லை’ அதைவிடச் சற்று விறைப்பானது, விடுப்புக் கடிதத்துக்கு ஏற்றது. ‘சுகமில்லை’ என்பதும் ‘சுகவீனம்’ என்பதும் பெரியவர்கள் எழுத்தில் இன்னும் இருக்கின்றன. ‘உடல்நலக் குறைவு’ என்ற தொடரைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: சொல்லளவில் இது மிக லேசானது, ஆனால் நாளேடுகளின் இரங்கல் செய்திகள் ‘உடல்நலக் குறைவால் காலமானார்’ என்று எழுதி எழுதி அதன்மீது ஒரு கரிய நிழலைப் படிய வைத்துவிட்டன. தலைவலிக்காக ஒரு நாள் விடுப்பு எடுப்பவர் அதைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. யாழ்ப்பாணத்தார் எழுதியதைப் படிக்கும்போது ‘வருத்தம்’ என்ற சொல் வந்தால் அது பெரும்பாலும் நோயைத்தான் குறிக்கும். நாம் நினைக்கும் மனக்கவலையை அன்று.

எவ்வளவு முடியவில்லை?

இந்தச் சொல்லின் பெரிய சிக்கல் அதற்கு அளவுகோல் இல்லை என்பதுதான். மூக்கு ஒழுகுவதற்கும் முடியவில்லை, உயிர் ஊசலாடுவதற்கும் முடியவில்லை. கேட்பவர் குரலை வைத்தும் முன்பின் சொற்களை வைத்தும் அளந்துகொள்கிறார். கடிதத்தில் குரல் இல்லை.

1964இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின் என் அப்பத்தா கப்பலேறி ஊருக்குத் திரும்பிவிட்டார்; அப்பா இங்கேயே தங்கிவிட்டார். எழுபதுகளில் ஊரிலிருந்து நீல நிற வான்கடிதம் ஒன்று வந்தது. நலம் நலமறிய ஆவல், மழை இல்லை, வடக்குத் தெரு வீட்டுக்கு ஓடு மாற்றியாயிற்று என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் மடிப்பு விழும் இடத்தில், ‘ஆத்தாவுக்கு ரொம்ப முடியாமல் இருக்கிறது, உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறது’ என்று சித்தப்பா எழுதியிருந்தார். அப்பா அதைப் படித்துவிட்டு, வயதான உடம்புதானே, மழை பெய்தால் சரியாகிவிடும் என்றார். அம்மா கடிதத்தை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தார். ‘முடியவில்லை என்று எழுதவில்லை, முடியாமல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். ரொம்ப என்று வேறு இருக்கிறது. கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்?’ என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அடுத்த கடிதத்தின் மேல் மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது.

அம்மா அன்று படித்துக் காட்டியதை விதியாகவே எழுதிவிடலாம். ‘முடியவில்லை’ என்பது இன்று நேற்று வந்த குறை. அது போய்விடும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது. ‘முடியாமல் இருக்கிறது’ என்பது நீடிக்கும் நிலை. ‘முடியாமல் போய்விட்டது’ என்பது நன்றாக இருந்தவர் திடீரென்று விழுந்ததைச் சொல்கிறது. ‘முடியாதவர்’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அவர் நிரந்தரமாகவே தளர்ந்தவர். ‘முடியாத காலத்தில் யார் பார்ப்பார்கள்?’ என்று பெரியவர்கள் கவலைப்படும்போது அவர்கள் சொல்வது முதுமையை. எனவே சாதாரணச் சளிக்கு ‘நான் முடியாமல் இருக்கிறேன்’ என்று எழுதாதீர்கள். ‘இரண்டு நாளாக எனக்கு முடியவில்லை, சளிதான்’ என்று நாளையும் நோயையும் சேர்த்து எழுதினால் படிப்பவர் கலங்க மாட்டார்.

லேசான நோய்க்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துவது ‘முடியவில்லை’ என்பதன் சுமையைக் குறைக்கும். காய்ச்சல் வருவதற்கு முன் உடம்பு சுடுகிற மாதிரி இருந்தால் ‘கணகணவென்று இருக்கிறது’. வேலை செய்து களைத்திருந்தால் ‘அலுப்பாக இருக்கிறது’. காரணம் இல்லாமலே கைகால் சோர்ந்தால் ‘அசதியாக இருக்கிறது’. வயிறு செரிக்காமல் கிடந்தால் ‘மந்தமாக இருக்கிறது’. என்னவென்றே சொல்லத் தெரியாவிட்டால் ‘ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்று சொல்லலாம்; அது போதும், யாரும் மேற்கொண்டு விளக்கம் கேட்பதில்லை. பர்மியத்தில் தலைவலியை ‘கௌங் கைக்’, அதாவது தலை கடிக்கிறது என்கிறோம். அதை அப்படியே தமிழாக்கி ‘தலை கடிக்கிறது’ என்றால் பேன் சீப்பைத் தேடுவார்கள்.

‘சுணக்கம்’ என்ற சொல்லுக்குத் தனியாக இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் லேசான நோயும் மனம் ஒட்டாமையும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. ஓடியாடும் குழந்தை விளையாட்டை விட்டுவிட்டு மடியில் வந்து படுத்துக்கொண்டால், காய்ச்சலும் இல்லை, அழுகையும் இல்லை என்றால், ‘பிள்ளை சுணங்கிக் கிடக்கிறது’ என்பார்கள். அதே சொல் வேலைக்குப் போனால், ஆட்கள் இருந்தும் வேலை நகரவில்லை என்று பொருள்படும்: ‘கோயில் திருப்பணி சுணக்கமாக நடக்கிறது’. குழந்தைக்குச் சொன்னால் அக்கறை. வேலை செய்பவர் காதுபடச் சொன்னால் குறை. இரண்டாவதைக் கவனமாகச் சொல்லுங்கள்.

மறுப்பதற்கு வரும்போது

இப்போது அத்தை வீட்டுக் காதுகுத்துக்குத் திரும்புவோம். ‘முடியாது’ என்பது ‘முடியவில்லை’ என்பதன் எதிர்கால வடிவம் என்று பாடநூல் படித்தவர்கள் நினைப்பார்கள். இலக்கணப்படி அது ஓரளவு சரிதான், காதுப்படி சரியில்லை. ‘முடியவில்லை’ நடந்ததை வருத்தத்தோடு சொல்கிறது. ‘முடியாது’ கதவைச் சாத்துகிறது. ‘இந்தச் சுவரை ஒரு நாளில் கட்ட முடியாது’ என்று சுவரைப் பற்றிச் சொன்னால் அது வெறும் செய்தி. ‘வர முடியாது’ என்று அழைத்தவரிடம் சொன்னால் அது முடிவு. ‘என்னால்’ என்ற சொல்லை விட்டுவிட்டு, காரணமும் சொல்லாமல், ‘முடியாது’ என்று மொட்டையாக நிறுத்தினால் முகத்தில் அடித்தது போலிருக்கும். சிறுவர்கள் அம்மாவிடம் பிடிவாதம் பிடிக்கும்போது ‘முடியாது, முடியாது’ என்று காலை உதைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தையின் காதில் விழுந்த தொனி அது.

‘மாட்டேன்’ இன்னும் கடுமையானது, ஏனென்றால் அது வலுவைப் பற்றிப் பேசாமல் விருப்பத்தைப் பற்றிப் பேசுகிறது. ‘வர மாட்டேன்’ என்றால் வரும் எண்ணம் இல்லை. பழைய தமிழில் இந்த வினை வலுவையே குறித்தது என்பதற்கு இன்றும் ஓர் எச்சம் இருக்கிறது: ‘துக்கம் தாங்க மாட்டாமல் அழுதாள்’ என்கிறோம், அவள் தாங்க மறுத்தாள் என்று அதற்குப் பொருளில்லை, தாங்க இயலவில்லை என்றே பொருள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அஃறிணைக்கு ‘மாட்டாது’ என்று நாம் சொல்வது அரிது. கதவு திறக்காவிட்டால் ‘கதவு திறக்க மாட்டேன் என்கிறது’ என்று கதவின் வாயில் தன்மை வினையைப் போட்டுவிடுகிறோம். மழையில் நனைந்த தீக்குச்சி பற்ற மாட்டேன் என்கிறது. பழைய மோட்டார் ஓட மாட்டேன் என்கிறது. இந்த வழக்கை உடம்புக்கும் கொண்டுவந்து, ‘காலையில் எழுந்திருக்க முடிய மாட்டேன் என்கிறது’ என்று முதியவர்கள் சொல்வார்கள். பேச்சில் அது ‘முடியமாட்டேங்குது’ என்று ஒரே சொல்லாக ஓடும். இயலாமையும் மறுப்பும் இங்கே ஒன்றாகிவிட்டன, ஆனால் மறுப்பவர் பாட்டி அல்லர், பாட்டியின் முழங்கால். தன் குறையைச் சொல்லிக்கொண்டே யார்மீதும் பழி வைக்காமல் இருக்க இதைவிட நல்ல தொடரை நான் அறியேன்.

அழைப்பை மறுக்க வேண்டியவர் என்ன சொல்ல வேண்டும்? முதலில் ஆசையைச் சொல்லுங்கள், பிறகு தடையைச் சொல்லுங்கள், மறுப்பைச் சொல்லாமலே விட்டுவிடுங்கள்: ‘வரலாம் என்றுதான் இருந்தேன் அத்தை, நேற்று ராத்திரியிலிருந்து மேலுக்கு முடியவில்லை.’ இதற்குமேல் ‘வர முடியாது’ என்று ஒரு வாக்கியம் தேவையே இல்லை. அதை அத்தையே சொல்லிவிடுவார்: ‘அப்படியா, அப்போ வர வேண்டாம்ப்பா, படுத்துக்கொள்.’ தமிழில் மறுப்பை மறுக்கப்படுபவர் வாயிலிருந்தே வரவழைப்பதுதான் மரியாதை. முன்பின் அறியாதவர்களுக்கும் அலுவல் தொடர்பாகவும் எழுதும்போது ‘இயலவில்லை’ என்ற சொல் பொருந்தும். வீட்டாரிடம் அதைச் சொன்னால் அரசாங்க ஓலை போலிருக்கும்.

விடுப்புக் கடிதம் கேட்பவர்களுக்கு நான் கொடுக்கும் மாதிரி இவ்வளவுதான்: ‘மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நேற்று மாலை முதல் எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் இன்று வகுப்புக்கு வர இயலவில்லை. விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ நோயின் பெயரை எழுதிவிட்டால் ‘முடியவில்லை’ என்ற சொல்லே வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள்.

பர்மாவில் வளர்ந்தவர்களுக்கு இங்கே இன்னொரு சொல் குறுக்கே வந்து நிற்கும்: ‘ஆநாடெ’. ‘ஆ’ என்றால் வலு, ‘நா’ என்றால் நோவு. பிறருக்குத் தொந்தரவு கொடுக்கிறோமே என்று உள்ளுக்குள் குறுகுவதைப் பர்மியர் வலு நோகிறது என்று சொல்கிறார்கள். நோயின் சொல்லைக் கொண்டு தயக்கத்தைச் சொல்வதில் அவர்களும் நம்மைப் போலத்தான். ஆனால் இதைத் தமிழில் சொல்லப் புகும்போது ‘முடியவில்லை’ உதவாது. ‘உங்களிடம் கேட்க எனக்கு முடியவில்லை’ என்று ஒரு மாணவி எழுதினார். அவர் நினைத்தது ‘கேட்கச் சங்கடமாக இருக்கிறது’ என்பதை. பிறர்மீது பாரம் வைக்கும் தயக்கத்துக்குச் ‘சங்கடம்’, புதியவர் முன் வரும் தயக்கத்துக்குக் ‘கூச்சம்’, முடிவெடுக்காமல் நிற்கும் தயக்கத்துக்கு வெறும் ‘தயக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் நாங்கள் ‘ஆநாவாக இருக்கிறது’ என்றே பேசிக்கொள்கிறோம், அதில் எனக்கு வெட்கமில்லை. ஊரிலிருந்து வந்த உறவினரிடம் மட்டும் ‘சங்கடம்’ என்று மாற்றிச் சொல்லுங்கள்.

திறமை இல்லாமையையும் ‘முடியாது’ என்று சொல்லிவிடக் கூடாது. பர்மியத்தில் ‘ம தத் பூ’ என்று சொல்லும் இடத்தில் தமிழ் ‘தெரியாது’ என்று சொல்லும்: எனக்கு நீந்தத் தெரியாது. ‘என்னால் நீந்த முடியாது’ என்றால் நீச்சல் தெரிந்தவருக்கு இன்று கைகால் வலி.

கைப்பேசித் தமிழில் புதிதாக ஒரு ‘முடியல’ வந்திருக்கிறது. நகைச்சுவையைப் பார்த்துச் சிரித்து ஓய்ந்தாலும் ‘முடியல’, ஒருவர் அறுவையாகப் பேசினாலும் ‘முடியல’. இதற்குமேல் தாங்காது என்பது பொருள். தொலைக்காட்சியும் இணையமும் இதை இங்குள்ள பிள்ளைகளுக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. என் பக்கத்து வீட்டுப் பெண் குடும்பக் குழுவில் யாரோ போட்ட வேடிக்கைப் படத்துக்குக் கீழே ‘ஐயோ முடியல’ என்று எழுத, அவருடைய ஆச்சி பதறிப்போய், ‘என்ன செய்கிறது? கஞ்சி வைத்துக் கொண்டு வரட்டுமா?’ என்று அழைத்துவிட்டார். பெரியவர்கள் இருக்கும் குழுவில் இந்த வழக்கைத் தவிர்க்கவும்.

அந்த ஆச்சி கேட்ட கேள்வியைக் கவனித்தீர்களா? முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் தமிழில் முதலில் கேட்க வேண்டியது ‘உடம்புக்கு என்ன செய்கிறது?’ என்பதுதான். ‘ஏன்?’ என்று கேட்டால் சந்தேகப்படுவது போலிருக்கும். வைத்தியரும் இதையே கேட்பார்: ‘என்ன பண்ணுது?’ அதற்கு ‘ஒன்றும் பண்ணவில்லை சார்’ என்று பதில் சொல்லிவிட்டு மருந்தில்லாமல் திரும்பியவர் ஒருவர் என் வகுப்பில் இருக்கிறார். நோய் உடம்பை என்ன செய்கிறது என்பது கேள்வி. இருமலாக இருக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது, தலை சுற்றுகிறது என்பவை பதில்கள்.

எழுத்துக்கு இரண்டொரு குறிப்புகள் போதும். ‘வர முடியவில்லை’ என்பதை இரண்டு சொல்லாகவும் ‘முடியவில்லை’ என்பதை ஒரே சொல்லாகவும் எழுதுங்கள். ‘முடியாத காரியம்’ என்பதில் ஒற்று மிகாது. நன்றாகிவிட்டது என்று சொல்ல ‘எனக்கு முடிகிறது’ என்று யாரும் எழுத வேண்டாம். நோய்ப் பொருளில் இந்த வினைக்கு உடன்பாட்டு வடிவமே கிடையாது. ‘எழுந்து நடக்க முடிகிறதா?’ என்பது செயலைப் பற்றிய கேள்வி, அது வேறு. குணமானதைச் சொல்லும் சொல் ‘தேவலை’ என்பது. ‘நேற்றைக்கு இன்று தேவலை’ என்றால் முழுவதும் குணமாகவில்லை, ஆனால் முன்னைக்கு மேல்.

மோலமையின் அத்தையை அந்த மாணவர் சென்ற மாதம் மறுபடி அழைத்தார். எழுதி வைத்துக்கொண்டு, என் முன்னால் உட்கார்ந்தே பேசினார்: ‘அத்தை, அன்றைக்கு எனக்கு மேலுக்கு முடியவில்லை, காய்ச்சல், அதனால்தான் காதுகுத்துக்கு வர முடியவில்லை.’ உருபு பிசகவில்லை. மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, ‘அடப் பாவி, அதை அன்றைக்கே சொல்லக் கூடாதா? இப்போ தேவலையா?’ என்று கேட்டார் அத்தை. ‘தேவலை’ என்ற சொல்லை நான் அவருக்கு அதுவரை சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, ‘ஒன்றும் தேவையில்லை அத்தை’ என்றார்.